எல்.கே.ஜி. பி பிரிவு கொண்டாடிய பண்டிகைகள்

மற்றவர்களுக்குப் பண்டிகை என்றால் லீவு. நர்சரி டீச்சருக்கு அது லீவுக்கு முந்தின நாள் வருகிற வேலை. என்னோடு இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், பிள்ளையை நர்சரியில் சேர்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவைத் திறக்கவே பயப்படுகிறவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. "நாளை உங்கள் குழந்தையை மஞ்சள் உடையில், தலையில் மயிலிறகுடன் அனுப்பவும்" என்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு செய்தி வருமே, அதை அனுப்புகிற பாவி நான்தான். மயிலிறகு தேடி அலைந்து என்னைத் திட்டியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அந்த உத்தரவு ஐந்தே முக்காலுக்குத்தான் வரும்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். எல்.கே.ஜி. பி பிரிவு என்னுடையது. அதோடு, பண்டிகைகளை விளையாட்டாகவும் செயல்முறையாகவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பும் என் தலையில். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொங்காத பானை

எங்கள் தாளாளருக்கு ஊருக்குள் தக்காளி மண்டி இருக்கிறது. பள்ளிக்கூடம் அதற்கப்புறம் ஆரம்பித்தது. நல்ல மனிதர். ஆனால் எதிலும் இரண்டு பக்கமும் லாபம் வர வேண்டும் என்பார். போன பொங்கலுக்கு, பாரம்பரியம் கெடக்கூடாது, அதனால் மண்பானை என்றார். பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் நெருப்பு கூடாது, அதனால் இண்டக்‌ஷன் அடுப்பு என்றார். இரண்டும் தனித்தனியே நல்ல யோசனைகள். மஞ்சள் கொத்து கட்டி, பொட்டு வைத்து, பானையை அடுப்பின்மேல் ஏற்றினோம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மண்பானை என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே தெரியாது. அது பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது.

பிள்ளைகளை ஒரு வாரமாகப் பழக்கி வைத்திருந்தேன். பால் பொங்கும், மிஸ் கையைத் தூக்குவேன், உடனே எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த வேண்டும். அவர்கள் பாலை ஏன் பார்க்கப்போகிறார்கள்? அடுப்பு பீப் என்றதும் கத்தினார்கள். நான் மறுபடி பட்டனை அமுக்கினேன், அது மறுபடி பீப் என்றது, அவர்கள் மறுபடி கத்தினார்கள். பால் கடைசிவரை சில்லென்றே இருந்தது. வீடியோவில் பானைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால் ஊரே பாராட்டியது. நேரில் நின்று எல்லாவற்றையும் பார்த்த ஒரு பையனின் அப்பா மட்டும் போகும்போது வண்டியை நிறுத்திச் சொன்னார்:

"பொங்காத பானைக்கு இத்தன பேரக் கத்த வெச்சீங்க பாருங்க, நீங்க எலெக்‌ஷன்ல நின்னிருக்கலாம் மிஸ்."

வரத்து குறைந்தது

ஜூன் மாதம் தர்மபுரி ரோட்டில் ஒரு புதுப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். நீச்சல் குளம், ஏசி வேன், குதிரை. குதிரை எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பழைய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் குதிரையைப் பார்க்கப் போய், அப்படியே அங்கேயே தங்கிவிட்டார்கள். என் பி பிரிவில் பெஞ்சுகள் மட்டும் நிறைய இருந்தன.

தாளாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். விஜயதசமிக்குச் சேர்க்கை நடக்கும். அதற்குள் வருகிற ஒவ்வொரு பண்டிகைக்கும் நல்ல வீடியோ போட வேண்டும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் வந்தால் பி பிரிவு இருக்கும். வராவிட்டால் அரையாண்டோடு ஏ பிரிவில் கலந்துவிடுவார்கள். அப்புறம் எனக்கு அங்கே வேலை இல்லை. என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் நாலாவது படிக்கிறாள், டீச்சர் மகள் என்பதால் பாதிக் கட்டணம். ஆக, போனால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். வேலைக்காகப் பயந்ததைவிட, நடு வருஷத்தில் அவள் சிநேகிதிகளை விட்டுப் பிரிவாளே என்றுதான் அதிகம் பயந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துத் தாளாளர் ஆறுதல் சொன்னார்:

"நான் ஒண்ணும் உங்கள அனுப்பறேன்னு சொல்லலீங்க மிஸ். வரத்து இல்லன்னா மண்டியத் தொறந்து வெச்சி என்னா பண்றதுன்னுதான் சொல்றன்."

காவேரி வருகிற கிழமை

முதலில் வந்தது ஆடிப் பெருக்கு. நீலத் தாளை ஒட்டி வகுப்புக்குக் குறுக்கே ஒரு ஆறு விட்டேன். பிள்ளைகள் காகிதக் கப்பல் செய்தார்கள், மஞ்சள் தூவினார்கள், கருகமணியும் காதோலையும் தட்டில் வைத்து ஆற்றுக்குக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. கேமராவைத் திருப்பிக்கொண்டு, "காவேரி அம்மா எங்க இருக்காங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன். ஒகேனக்கல் என்று சொல்லவேண்டும். முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு சின்னவள் எழுந்து, "கொழாயில" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் ஊருக்குக் கூட்டுக் குடிநீராக அந்த ஆறுதான் வருகிறது. ஆனால் எனக்கு வேண்டியது வீடியோ. "அப்படி இல்லடா தங்கம், பெரிய ஆறு, அருவியா கொட்டும், நீ பாத்ததில்லயா?" என்றேன். இந்த மிஸ்ஸுக்கு எதைத்தான் சொல்லிப் புரியவைப்பது என்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்துப் பொறுமையாக விளக்கினாள்:

"எங்க தெருவுக்குச் செவ்வாக்கெழம வருவாங்க மிஸ். இந்த வாரம் வரல, மோட்டார் ரிப்பேரு."

கிருஷ்ணர் நடந்த திசை

கிருஷ்ண ஜெயந்திக்கு வீட்டில் எல்லோரும் மாக்கோலத்தில் சின்னச் சின்னப் பாதம் போடுவோம். கையை மூடி விளிம்பில் மாவைத் தொட்டு வைத்து, மேலே ஐந்து விரல் போடுவது. எங்களுக்கு அது போதாது என்று தாளாளர் நினைத்தார். நிஜமான பிள்ளைகள், நிஜமான பாதங்கள் என்றார். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டில் அரிசிமாவைக் கரைத்து வைத்தேன். பட்டு வேட்டியும் புல்லாங்குழலுமாக ஒவ்வொரு கிருஷ்ணராகத் தட்டில் இறங்கி, தரையில் நடந்தார்கள். மாவோடு வகுப்பில் சுற்றினால் வழுக்கி விழுவார்களே என்று, அப்படியே வாசல் வழியாக வெளியே போய் ஆயாம்மாவிடம் குழாயடியில் கால் கழுவிக்கொள்ளச் சொன்னேன். ஒழுங்காக, வரிசையாகப் போனார்கள். என் வகுப்பு அவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை. பெருமையோடு முழுவதையும் வீடியோ எடுத்தேன்.

கண்ணன் வீட்டுக்குள் வருகிற மாதிரி, வாசலிலிருந்து உள்நோக்கித்தான் பாதம் இருக்க வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வருஷா வருஷம் என் வீட்டில் நான்தான் போடுகிறேன். ஆனால் அன்றைக்கு என் கவனமெல்லாம் யாரும் வழுக்கி விழக்கூடாது என்பதிலேயே இருந்துவிட்டது. "எங்கள் பள்ளிக்கு வருகை தரும் குட்டிக் கண்ணன்கள்" என்ற தலைப்போடு அந்த வீடியோ ஊரெல்லாம் போனபிறகுதான் தாளாளர் அதை முழுதாகப் பார்த்தார். அத்தனை கிருஷ்ணர்களும் என் மேசையிலிருந்து கிளம்பி, வாசலைத் தாண்டி, கேட்டை நோக்கி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். "சரக்கு உள்ள வர்ற வீடியோ கேட்டா, லோடு ஏத்தி வெளிய அனுப்பிட்டீங்களே மிஸ்" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

சாமி காரியம், அப்படியே விடக்கூடாது என்று கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டு வீடியோவைப் பின்னாலிருந்து முன்னால் ஓடும்படி மாற்றிப் போடச் சொன்னார். இப்போது கிருஷ்ணர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வகுப்புக்குள் வந்தார்கள். அவர்கள் வர வர, தரையில் இருந்த பாதங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசிக் கிருஷ்ணர் தட்டில் ஏறி நின்றபோது தரை சுத்தமாக இருந்தது. அதையும் குழுவில் போட்டார்கள். மறுநாள் ஒரு அம்மாவின் குரல் பதிவு வந்தது:

"எங்க பையன் நேத்துலருந்து வூட்ல பின்னாடியே நடக்கறான் மிஸ், இது பரீட்சைக்கு இருக்குதுங்களா?"

டப்பாவில் வந்த பிள்ளையார்

விநாயகர் சதுர்த்திக்கு ரசாயனச் சாயம் பூசிய பொம்மை வேண்டாம், இயற்கைப் பொருளில் வீட்டிலேயே பிள்ளையார் பிடித்து அனுப்புங்கள் என்று குழுவில் போட்டேன். களிமண் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். இயற்கைப் பொருள் என்றால் நாகரிகமாக இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் மஞ்சள் பிள்ளையார், மாவுப் பிள்ளையார், ஏரி மண் பிள்ளையார் எல்லாம் வந்தார்கள். ஒரு பையன் மட்டும் மூடிய டிபன் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். திறந்தேன். சாணிப் பிள்ளையார், தலையில் அறுகம்புல். அன்றைக்குக் காலையில் பிடித்தது, சூடு கொஞ்சம் இருந்தது.

அவர்கள் வீட்டில் மார்கழியிலும் பொங்கலிலும் அப்படித்தான் பிடிப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதைவிட இயற்கையான பொருள் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு டவுன் பிள்ளை கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, பிள்ளையார் வீட்டு அம்மா நிதானமாக உள்ளே வந்து என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்:

"டப்பாவ நல்லா கழுவிக் குடுத்துருங்க மிஸ். நாளைக்கி அதுலதான் அவனுக்குச் சோறு."

சாமியிடம் போன நோட்டு

சரஸ்வதி பூஜை அன்றைக்குப் புத்தகத்தைச் சாமியிடம் வைத்துவிட்டால் படிக்கக்கூடாது. பாடத்திட்டத்தில் என்ன இருந்தாலும் பிள்ளைகளுக்கு அசையாத நம்பிக்கை இருப்பது இந்த ஒரு விதியில்தான். முந்தின வருஷம் பூஜை முடிந்து தீபாவளியும் நெருங்கியபிறகு, ஒருத்தனிடம் வீட்டுப்பாட நோட்டு எங்கே என்று கேட்டேன். சாமிகிட்ட என்றான். சாமிகிட்ட வைத்து எத்தனை நாளாயிற்று, எடுக்க வேண்டாமா என்று குரலை உயர்த்தினேன். அவன் கொஞ்சமும் பயப்படவில்லை:

"அவுங்க இன்னும் திருத்தித் தரல மிஸ்."

கைராசி

விஜயதசமி வந்தது. வாசலில் வாழை கட்டி, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்தார்கள். பந்தலுக்குள் பலகை போட்டு என்னை உட்கார வைத்து, எதிரே தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பினார்கள். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுத வைக்க வேண்டும். எழுதி முடித்தவர்கள் பக்கத்து மேசையில் தாளாளரிடம் விண்ணப்பம் வாங்கிக்கொள்ளலாம். அவர் வெள்ளை வேட்டி சட்டையில், பேனாவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பத்துப் பிள்ளை வந்தால் போதும், என் மகள் அதே பெஞ்சில் உட்காரலாம் என்று வேண்டிக்கொண்டேன்.

கூட்டம் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. நான் நம்பவே இல்லை. வேனில் வந்தார்கள், ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், ஒரு குடும்பம் டிராக்டரிலேயே வந்து இறங்கியது. ஒவ்வொரு விரலாகப் பிடித்து எழுதிக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போனது. மனசுக்குள், இனி பி பிரிவு மட்டும் போதாது, சி பிரிவும் திறக்க வேண்டியிருக்கும் என்று பெஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். தாளாளரின் மேசையில் விண்ணப்பக் கட்டு காலையில் வைத்த உயரத்திலேயே இருந்தது.

அடுத்து என் மடிக்கு வந்தவன் யுகன். அவன் அக்கா எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறாள். அவளைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் இவனும் அம்மா இடுப்பில் வந்து, என் வகுப்பு வாசலில் இறங்கி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். இவனாவது நமக்குத்தான் என்று இருந்தேன். எழுதி முடித்ததும், "மேசைக்குப் போய் ஃபார்ம் வாங்கிக்கங்க" என்றேன். அவன் அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. வெற்றிலை பாக்கும் பழமும் என் கையில் வைத்து, குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார். எங்கள் பக்கம் முதல் விதை விதைக்கவும், புதுக் கடையில் முதல் போணி பண்ணவும், கைராசிக்காரர் யார் என்று விசாரித்துத்தான் கூப்பிடுவார்கள். அந்த ராசி என் கைக்கு இருப்பதாக ஊரில் ஒரு பேச்சு எப்படியோ பரவியிருக்கிறது. கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் அழுகையும் வந்தது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் அரிசி. அவர் சொன்னது இதுதான்:

"பெரியவளுக்கு நீங்க கையப் புடிச்சி எழுத வெச்சீங்க, இன்னிக்கி அவ ஃபர்ஸ்ட் ரேங்க்கு. அதான் எழுத்த மட்டும் உங்க கையால ஆரம்பிச்சிட்டு, அந்தப் புது ஸ்கூல்ல சேத்துரலாம்னு எல்லாரும் வந்திருக்கறோம். சீக்கிரம் வுடுங்க மிஸ், நல்ல நேரம் முடியறதுக்குள்ள அங்க போவணும்."

பந்தல் பிரித்தபிறகு

வரிசையில் மிச்சம் இருந்தவர்களுக்கும் எழுதிவிட்டேன். வேண்டாம் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகள் என்ன செய்யும்? ஒவ்வொன்றும் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அ" முடிந்ததும் அது தானே எழுதியது மாதிரி நிமிர்ந்து பார்த்தது. மத்தியானம் பந்தலைப் பிரித்தார்கள். தாளாளர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தாம்பாளத்து அரிசியை ஒரு பையில் கொட்டி என்னிடமே கொடுத்தார்:

"கூட்டம் வந்து கையில எடுத்துப் பாத்துட்டு, அடுத்த மண்டியில வாங்குவாங்க மிஸ். எனக்கு இது பழக்கம், உங்களுக்குத்தான் புதுசு."

புதுச் சேர்க்கை

அரையாண்டோடு பி பிரிவு, ஏ பிரிவில் கலந்தது. நான் வேறு வழியில்லாமல் அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்கே விண்ணப்பம் போட்டேன். என் கையால் எழுத்து ஆரம்பித்த பிள்ளைகள் அங்கே ஒரு வகுப்பு நிறைய இருந்தார்கள், அதனால் அந்த நிர்வாகமும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டது. மகளையும் கூட்டிப்போனேன். முதல் நாள் காலையில் அவளை அவள் வகுப்பில் விட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். நான் எல்.கே.ஜி. வாசலுக்கு வந்து, உள்ளே போகக் கால் வராமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். யாரையும் தெரியாது. எங்கே செருப்பை விடுவது என்றுகூடத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

உள்ளேயிருந்து யுகன் என்னைப் பார்த்துவிட்டான். டையும் ஷூவுமாக எழுந்து வந்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைவிட அவனுக்குத்தான் அனுபவம் அதிகம். என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு புடவைத் தலைப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னான்:

"உங்களையும் இங்க சேத்துட்டாங்களா மிஸ்? அழாதீங்க, மத்தியானம் வூட்டுக்கு வுட்ருவாங்க."

எந்தப் பண்டிகையில் யார் கையைப் பிடித்து எழுதவைத்தாலும், எத்தனை பள்ளிக்கூடம் மாறினாலும், எல்.கே.ஜி.யை மட்டும் தாண்டாமலே வேலையை முடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் நர்சரி டீச்சர்கள் நாங்கள்தான்.